தாத்தாவின் சைடு கார் புல்லட்: ஷெட்டில் இருந்து ரோட்டுக்கு வருவதற்குள் என்னென்ன வேலை?

சென்னையில் இருந்து திருச்சி போகும் தேசிய நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்பே வந்துவிடும் ஊர் வாலிகண்டபுரம். வாலீஸ்வரர் கோயிலைத் தெரிந்தவர்கள் இறங்குவார்கள். மற்றவர்கள் 100 கி.மீ. வேகத்தில் கடந்துபோய்விடுவார்கள். சுற்றிலும் கரிசல் காடு. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம்.

இந்த மாதிரி ஓர் ஊரில் உங்கள் பூர்வீக வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொங்கல் லீவுக்கு வந்த இடத்தில், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சோளத்தட்டைக் கட்டுகளை நகர்த்தினால், கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பழைய புல்லட். அதன் இடது பக்கத்தில் துருப்பிடித்த தொட்டி மாதிரி ஒன்று, அதற்குத் தனியாக ஒரு சக்கரம். தாத்தா ஓட்ட, பாட்டி தொட்டிக்குள் உட்கார்ந்து துறையூர்ச் சந்தைக்குப் போன கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வண்டியைத்தான் யாரும் பார்த்ததில்லை.

உடனே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவோம். அடுத்த நாளே யாராவது ஒரு மெக்கானிக்கைப் பிடித்து, "எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, புதுசு மாதிரி ஆக்கிடுங்க" என்போம். பாதிப் பேர் தப்புச் செய்யும் இடம் இதுதான். இன்ஜினைப் பிரிப்பதும் டேங்குக்குப் பெயின்ட் அடிப்பதும் கடைசி வேலைகள். முதலில் பார்க்க வேண்டியது வேறு.

இந்த வண்டி எங்கிருந்து வந்தது?

மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓர் இருக்கையை இணைக்கும் யோசனை 1900-களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. கார் வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு அதுதான் கார். இரண்டாம் உலகப் போரில் ராணுவங்கள் அதை ஏராளமாகப் பயன்படுத்தின. 'ஷோலே' படத்தில் அமிதாப் பச்சனும் தர்மேந்திராவும் பாட்டுப் பாடிக்கொண்டு போகும் சைடு கார் வண்டியும் போர்க்கால ரகம்தான். பிஎஸ்ஏ கம்பெனி பிரிட்டிஷ் ராணுவத்துக்காக லட்சக்கணக்கில் செய்த எம்20 வரிசையைச் சேர்ந்தது.

நம் ஊர்ப் பக்கம் கிடைக்கும் வண்டி பெரும்பாலும் புல்லட்டாக இருப்பதற்குக் காரணம் திருவொற்றியூர். இந்திய ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்பீல்டு நிறுவனத்தின் புல்லட்டை அரசு தேர்ந்தெடுத்தது. 1955-ல் அந்த நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்பீல்டு இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கின. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். 1960-களின் தொடக்கத்தில் முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே தயாரானது. 1970-க்குப் பிறகு இங்கிலாந்து தாய்க் கம்பெனி மூடப்பட்டுவிட்டது. சென்னையில் மட்டும் அதே 346 சிசி இன்ஜின் கிட்டத்தட்ட மாறாமல் பல பத்தாண்டுகள் தயாரிக்கப்பட்டது. பின்னாளில் சென்னையில் செய்த புல்லட்டுகளை இங்கிலாந்துக்கு இறக்குமதி செய்து விற்றது யார் தெரியுமா? 1912-ல் தொடங்கப்பட்ட சைடு கார் கம்பெனியான வாட்சோனியன். திருவொற்றியூர் புல்லட்டில் தங்கள் சைடு காரைப் பூட்டி விற்றார்கள்.

புல்லட்டுக்கும் சைடு காருக்கும் ஏன் இவ்வளவு பொருத்தம்? இன்ஜினைப் பாருங்கள். சிலிண்டரின் அகலம் 70 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 90 மி.மீ. இதை 'லாங் ஸ்ட்ரோக்' என்பார்கள். குதிரைத்திறன் வெறும் 18தான். இன்றைக்கு ஒரு 160 சிசி பைக்கே அந்த அளவு கொடுத்துவிடும். ஆனால் புல்லட் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே நல்ல இழுவை கொடுக்கும். வேகமாக ஓடும் குதிரை இல்லை, பாரம் இழுக்கும் மாடு. சைடு காருக்கு மாடுதான் வேண்டும்.

1983-ல் மாருதி 800 வந்தது. ஆட்டோக்கள் பெருகின. சைடு கார்கள் கொட்டகைக்குப் போயின.

முதலில் தேட வேண்டியது ஸ்பேனர் இல்லை, ஆர்.சி. புக்

வண்டியைத் தொடுவதற்கு முன் பீரோவைத் திறங்கள். ஆர்.சி. புக் இருக்கிறதா? அதில் இருக்கும் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றா? துருவை மண்ணெண்ணெயும் துணியும் வைத்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் கிரைண்டர் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். நம்பர் தேய்ந்துபோனால் எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் பதில் சொல்லி மாளாது.

இங்கே இன்னொரு சின்னச் சிக்கல். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது 1995-ல். அதற்கு முன் எல்லாம் திருச்சி மாவட்டம். அதனால் தாத்தாவின் வண்டிப் பதிவு இன்றைய டிஎன் 46 பெரம்பலூர்க் கணக்கில் இருக்காது. திருச்சியின் பழைய லெட்ஜரில் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்துப் பதிவுகள் பல, இப்போது எல்லோரும் பார்க்கும் 'வாஹன்' ஆன்லைன் தளத்தில் ஏறவே இல்லை. ஆப்பில் நம்பரைத் தட்டினால் 'தகவல் இல்லை' என்று வரும். பதிவே இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. பழைய பதிவைக் கணினியில் ஏற்றச் சொல்லி நேரில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

தாத்தா காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். ஆர்.சி. தொலைந்திருந்தால் நகலுக்குப் படிவம் 26. பதிவுக் காலம் 15 வருஷம்தான். அதற்குப் பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். பல வருஷம் புதுப்பிக்காமல் கிடந்த வண்டிக்குத் தாமதக் கட்டணம், பசுமை வரி எல்லாம் சேரும். எவ்வளவு வரும் என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. வண்டி வேலைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு இங்கேயே போய்விடும்.

சரி, சைடு காருக்குத் தனிப் பதிவு உண்டா? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(27)-ஐப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். கழற்றக்கூடிய, கூடுதல் சக்கரம் கொண்ட சைடு காரையும் சேர்த்துத்தான் 'மோட்டார் சைக்கிள்' என்ற சொல்லுக்கே அந்தச் சட்டம் விளக்கம் சொல்கிறது. அதாவது சைடு கார் பூட்டினாலும் அது மூன்று சக்கர வாகனம் ஆகிவிடாது, மோட்டார் சைக்கிள்தான். ஆட்டோ லைசென்ஸ் தேவையில்லை.

இதை வைத்து யாரும் எந்தப் பைக்கிலும் தொட்டியை வெல்டு பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட வேண்டாம். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குப் பிரிவு 52 கடிவாளம் போடுகிறது. தயாரிப்பாளர் கொடுத்த மூல வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. பழைய ஆர்.சி.யிலேயே சைடு கார் குறிக்கப்பட்டிருந்தால் அந்த ஒரு வரி தங்கம். இல்லையென்றால், பூட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். "எல்லாரும் ஓட்டுறாங்களே" என்பது விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும் நாளில் எடுபடாது.

'விண்டேஜ்' பதிவு வாங்கிவிட்டால்?

பலர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டிய, மூல வடிவம் மாறாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு 'விஏ' எழுத்துகள் கொண்ட நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த நம்பரோடு வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இந்த மாதிரிக் காரணங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். பாட்டியை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போக முடியாது. சேஸிஸிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருந்தால் விண்டேஜ் தகுதியும் போய்விடும். ஆக, வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்: இது காட்சிக்கா, ஓட்டவா? ஓட்டத்தான் என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே சரி. கொட்டகையில் இருந்து எடுப்பதே ஓட்டுவதற்குத்தானே.

பைக் வேறு, சைடு கார் பைக் வேறு

காகிதம் சரி என்றால் இப்போது வண்டிக்கு வருவோம். சைடு கார் பூட்டிய பைக்கை, 'பைக் கூட ஒரு தொட்டி' என்று நினைத்தால் எல்லாமே தப்பாகப் போகும். அது முற்றிலும் வேறு வண்டி.

இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாட்டை மட்டும் பூட்டி ஓட்டுவதாகக் கற்பனை செய்யுங்கள். மாடு நேராகப் போனாலும் வண்டி ஒரு பக்கம் சாயும். சைடு காரிலும் அதுதான் நடக்கிறது. இழுக்கும் சக்கரம் வலப் பக்கம், சும்மா உருளும் பாரம் இடப் பக்கம். ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி இடப் பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் தள்ளிக்கொண்டு போகும், வண்டி வலப் பக்கம் திரும்பப் பார்க்கும். வலப் பக்கம் என்றால் எதிரே லாரி வரும் பக்கம்.

இதை முழுசாகப் போக்க முடியாது, குறைக்கலாம். அதற்குத்தான் சைடு காரைப் பூட்டும்போது இரண்டு அளவுகளைச் சரியாக வைக்க வேண்டும். ஒன்று 'டோ இன்'. சைடு காரின் சக்கரம் பைக்கோடு இணைகோடாக இருக்கக் கூடாது, முன்பக்கம் கொஞ்சம் உள்ளே, பைக்கைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். இதை அளக்க லேசர் எதுவும் வேண்டாம். நேரான இரண்டு அலுமினியச் சட்டங்களை எடுத்து, ஒன்றைப் பைக்கின் இரண்டு சக்கரங்களை ஒட்டியும், இன்னொன்றைச் சைடு கார் சக்கரத்தை ஒட்டியும் தரையில் வையுங்கள். பின்பக்கம் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், முன்பக்கம் எவ்வளவு என்று டேப் பிடித்து அளக்க வேண்டும். முன்பக்கம் 12 முதல் 25 மி.மீ. வரை குறைவாக இருந்தால் சரி. அதிகம் குறைத்தால் டயர் ரோட்டில் தேய்ந்துகொண்டே போகும், சில நூறு கிலோமீட்டரிலேயே பட்டன் தெரியாமல் வழுக்கையாகிவிடும்.

இரண்டாவது 'லீன் அவுட்'. பைக் செங்குத்தாக நிற்காமல், சைடு காருக்கு எதிர்ப் பக்கம், அதாவது வலப் பக்கம் ஒன்றிரண்டு டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். மழைத்தண்ணீர் வடிய நம் ரோடுகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். இடப் பக்கம் ஓடும் வண்டியை அந்தச் சரிவும் இடப் பக்கமே இழுக்கும். அதைச் சமாளிக்கத்தான் இந்தச் சாய்வு. ஆள் உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும், வெறும் வண்டியில் இல்லை. நீங்கள் 60 கிலோ என்றால் ஓர் அளவு, 90 கிலோ என்றால் வேறு அளவு.

சைடு கார் சக்கரத்தின் அச்சும் பைக்கின் பின்சக்கர அச்சும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. சைடு கார் சக்கரம் சில அங்குலம் முன்னால் இருக்கும். இருக்க வேண்டும். வளைவில் வண்டி கவிழாமல் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. "வீல் நேரா இல்லையே" என்று யாராவது அதைப் பின்னால் தள்ளிப் பூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பூட்டும் அளவுகள். அதைத் தாங்க வேண்டிய சட்டம், அதாவது பிரேம், நன்றாக இருந்தால்தான் இந்த அளவுகளுக்கு அர்த்தம். சாதாரணப் பைக் வளைவில் சாயும். அதனால் பக்கவாட்டு விசை சக்கரத்தில் பெரிதாக விழாது. சைடு கார் வண்டி சாயாது. மொத்தப் பக்கவாட்டு விசையையும் ஸ்போக், பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ், கோன் செட், பிரேம் எல்லாம் பங்கிட்டுத் தாங்க வேண்டும். ஆகவே சைடு கார் பூட்டி ஓடிய புல்லட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இன்ஜின் இல்லை. சைடு காரின் கைகள் பிரேமைப் பிடிக்கும் அந்த நான்கு இடங்கள். பெயின்ட்டைச் சுரண்டி, தலைமுடி அளவு விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் அதன் மேலேயே வெல்டிங் புள்ளி வைத்து மூடுவது ஆபத்து. நல்ல லேத் பட்டறையில், பிரேம் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, விரிசல் முடியும் இடம் வரை வெட்டித் திறந்து, உள்ளே குழாய் கொடுத்துப் பற்றவைப்பார்கள். பெயின்ட்டுக்கு ஆகும் செலவைவிட இதற்குக் குறைவாகவே ஆகும். ஆனாலும் முக்கால்வாசிப் பேர் பணத்தைக் குரோமிலும் பெயின்ட்டிலும்தான் கொட்டுகிறார்கள். போட்டோவில் தெரிவது அதுதானே.

ஸ்போக்கைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போங்கள். எல்லாம் 'டிங்... டிங்...' என்று ஒரே சுருதியில் ஒலித்தால் நல்லது. நடுவில் ஒன்று 'டொப்' என்றால் அது தளர்ந்திருக்கிறது. சைடு கார் வண்டியில் மாதம் ஒருமுறை இந்தக் கச்சேரி நடத்தியே ஆக வேண்டும்.

தொட்டி விஷயம் தனி. தகரத்தின் அடிப்பகுதி, ஈரம் கோத்துத் துருவாக உதிர்ந்திருக்கும். ரெக்சின் சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கும். டிங்கரிங் கடையில் அடித்தட்டை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு போடலாம். ஆனால் ஒரு குழந்தை காலை ஊன்றப்போகும் இடம் அது. பட்டி பார்த்துத் துருவை மறைக்கிற வேலையை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

டேங்க் மீது கையால் வரைந்த பொன்னிறக் கோடு இன்னும் மங்கலாகத் தெரிகிறதா? சென்னைத் தொழிற்சாலையின் கைவேலை அது. துருவைத் துடைத்துவிட்டு அந்தக் கோட்டை அப்படியே விட்டுவிடலாம். புதுசாக அடித்த பெயின்ட் நாளைக்கும் கிடைக்கும், அந்தக் கோடு கிடைக்காது.

இன்ஜின்: பயப்பட வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம்

பல வருஷம் நின்ற இன்ஜினைக் கண்ட உடனே கிக்கரை மிதிக்கும் ஆசையை அடக்குங்கள். பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். மிதித்தால் ரிங் உடையும், சிலிண்டர் கீறும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக இரண்டு மூடி ஆயில் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, பிறகு கையால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பாதி ஜெயித்த மாதிரி.

பழைய புல்லட்டின் ஆயில் டேங்க் இன்ஜினுக்குள்ளேயே ஓர் அறையாக இருக்கும். நாள் கணக்கில் நின்றால் அந்த ஆயில் கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். டிப் ஸ்டிக்கில் ஆயில் காட்டவில்லையே என்று மேலும் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணியதும் ஊரே வெள்ளைப் புகையாகி, சீல் எல்லாம் கக்கி... இது அடிக்கடி நடக்கிற கதை. சில நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, அதன் பிறகுதான் அளவு பார்க்க வேண்டும்.

பாகங்கள் கிடைக்குமா என்பதுதான் எல்லோருக்கும் பயம். புல்லட்டுக்கு அந்தப் பயம் வேண்டாம். ஒரே இன்ஜினைப் பல பத்தாண்டுகள் செய்ததால் பிஸ்டன், ரிங், வால்வு, கிளட்ச் பிளேட் எல்லாம் இன்னும் புதுசாகவே கிடைக்கின்றன. பெரம்பலூரில் கிடைக்காதது திருச்சியில் கிடைக்கும். அங்கேயும் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை. டயரும் பழைய 3.25 - 19 அளவுதான், அலைய வேண்டியதில்லை. கிடைக்காதது சைடு காரின் சொந்தப் பாகங்கள். அச்சு, புஷ், பிடிமானக் கைகள். இவற்றைக் கழற்றும்போதே ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, அளவு குறித்து, பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். தொலைந்தால் லேத்தில் கடைந்துதான் எடுக்க வேண்டும். கடைவதற்கு மாதிரி வேண்டுமே.

இன்னொரு விஷயம், பாரம். சைடு காரோடு ஆளும் ஏறினால் 18 குதிரைத்திறன் திணறும். அதனால் கியர்பாக்ஸில் செயின் ஓடும் முன் ஸ்பிராக்கெட்டில் ஒன்றிரண்டு பல் குறைந்ததைப் போடுவது வழக்கம். டாப் ஸ்பீடு குறையும், இழுவை கூடும். உங்கள் வண்டியின் பல்லை எண்ணிப் பாருங்கள். தாத்தா ஏற்கெனவே அதைச் செய்திருக்கலாம். விவரம் தெரியாமல் "ஒரிஜினல் அளவு" என்று பெரிய ஸ்பிராக்கெட்டை மாட்டினால், மேட்டில் கிளட்ச் கருகும் வாசனை வரும்.

டேப்பட் சத்தம் கேட்டாலே இறுக்கிவிடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. இந்த இன்ஜினில் அளவு சுலபம்: குளிர்ந்த நிலையில் புஷ் ராடை விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அதற்கு மேல் இறுக்கினால் வால்வு எரியும்.

கிக் பண்ணும் விதமும் வேறு. இடது பக்க பிரேமில் நின்று ஆவேசமாக மிதித்தால் கணுக்கால்தான் போகும். சாவியைப் போட்டு, ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்துங்கள். முள் நடுவுக்கு வரும் இடத்தில் இறுக்கம் தெரியும். டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு துளி நகர்த்தி, லீவரை விட்டு, கிக்கர் மேலே வந்ததும் ஒரே மிதி. பழகிட்டா செருப்புக் காலோடவே ஸ்டார்ட் ஆகும். பழகற வரைக்கும் ஷூ போட்டுக்கோங்க.

புதுப் பெட்ரோலும் பழைய கார்புரேட்டரும்

தாத்தா காலத்தில் இல்லாத ஒரு பிரச்சினை இது. இன்றைக்கு பங்க்கில் போடும் பெட்ரோல் இ20. அதாவது 20 சதவீதம் எத்தனால். கரும்பில் இருந்து எடுக்கிறார்கள், மக்காச்சோளத்தில் இருந்தும் எடுக்கிறார்கள். தமிழகத்தில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முக்கியமானது. ஒரு பக்கம் காட்டில் விளையும் சோளம், இன்னொரு பக்கம் அதே ரகச் சாராயத்தை ஜீரணிக்கத் தெரியாத பழைய டேங்க்.

எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். வண்டி வாரக் கணக்கில் நின்றால் அந்தத் தண்ணீர் டேங்கின் அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். பழைய ரப்பர் டியூபை உப்ப வைக்கும், வெடிக்க வைக்கும். பெட்ரோல் டேப்பில் இருக்கும் தக்கை வாஷரையும் கெடுக்கும். புதிய பைக்குகளில் பெட்ரோல் எவ்வளவு வேண்டும் என்பதை சென்சாரும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை காற்று மிகுந்ததாக மாறும், இன்ஜின் வழக்கத்தைவிடச் சூடாகும். சைடு கார் பாரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்காக வண்டியை ஓட்டாமல் விடத் தேவையில்லை. பெட்ரோல் டியூபை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுவது, தக்கை வாஷருக்குப் பதில் புதிய சீல் போடுவது, கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி பிளக்கின் நிறம் பார்ப்பது. பிளக் வெளுத்திருந்தால் இன்னும் காற்று அதிகம், இளம்பழுப்பாக வந்தால் சரி. ஊருக்குக் கிளம்பும் முன் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக இன்ஜின் நிற்கும் வரை ஓடவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் வரமாட்டீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டுப் போவது உத்தமம். விலை அதிகமான ஹை ஆக்டேன் பெட்ரோல் போட்டால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். இவ்வளவு குறைந்த கம்ப்ரஷன் உள்ள இன்ஜினுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

உண்மையில் இந்த வண்டிகளைக் கொல்வது ஓட்டம் இல்லை, நிறுத்தி வைப்பதுதான். நீங்கள் வெளியூரில் இருந்தால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்து ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்த ஊரில் ஓர் ஆள் இருக்கிறாரா? சித்தப்பாவோ, மச்சானோ, பக்கத்து வீட்டு அண்ணனோ. அப்படி ஆள் இல்லையென்றால், லட்சம் செலவழித்து வேலை பார்த்த வண்டி அடுத்த பொங்கலுக்குள் மறுபடி கொட்டகைச் சரக்காகிவிடும். வேலையைத் தொடங்கும் முன்பே அந்த ஆளைப் பிடித்து, அளவு எடுப்பதில் இருந்து கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

மணல் மூட்டையோடு முதல் ஓட்டம்

நன்றாகப் பைக் ஓட்டுகிறவர்கள்தான் சைடு கார் வண்டியில் முதலில் தடுமாறுவார்கள். பைக்கில் உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்பும். இதில் சாய்ந்தால் ஒன்றும் நடக்காது. கார் ஸ்டியரிங் மாதிரி ஹேண்டில்பாரை இழுத்துத் திருப்ப வேண்டும். போதாக்குறைக்குப் பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அவசரத்தில் கால் பழைய பழக்கத்துக்குப் போய், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும்.

மிக ஆபத்தானது இடப் பக்கத் திருப்பம். வேகமாக இடது பக்கம் திரும்பினால் தொட்டி இருக்கும் பக்கம் மேலே தூக்கும். தொட்டி காலியாக இருந்தால் இன்னும் சீக்கிரம் தூக்கும். பயந்துபோய்த் திருப்பத்தை விட்டு நேராக்கினால், வண்டி வலப் பக்கம், எதிர்த் தடத்துக்குள் போகும். சைடு கார் விபத்துகளில் இது ரொம்பப் பழைய ரகம். அதனால் முதல் சில நாட்கள் அறுவடை முடிந்த கட்டாந்தரைக் காட்டிலோ, கோயில் திடலிலோ, தொட்டிக்குள் ஐம்பது கிலோ மணல் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு பழகுங்கள். முதல் கியரிலேயே, இடப் பக்கம் வட்டமாக, சக்கரம் எந்த இடத்தில் தூக்க ஆரம்பிக்கிறது என்று உடம்புக்குத் தெரிகிற வரை. மழை பெய்த கரிசலில் மட்டும் இறக்காதீர்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. மூன்று சக்கரத்திலும் குச்சி விட்டு நோண்ட வேண்டியிருக்கும்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கி, அலுமினியச் சட்டத்தை வைத்து 'டோ இன்'னை மறுபடி அளக்க வேண்டும். புதிதாகப் பூட்டிய கைகள் அதற்குள் கொஞ்சம் படிந்து அளவு மாறியிருக்கும்.

வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்திலேயே நான்கு வழிச் சாலை போகிறது. வழுக்கிக்கொண்டு போகும் ரோடு, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 50 கி.மீ. வேகத்தில் நிம்மதியாகப் போகும் வண்டிக்கு, 100-ல் வரும் ஆம்னி பஸ்கள் நடுவே என்ன வேலை? டிரம் பிரேக் வேறு. அதுவும் பல வண்டிகளில் சைடு கார் சக்கரத்துக்குப் பிரேக்கே இருக்காது. ஊர்களுக்கு நடுவே போகும் சின்ன ரோடுகள்தான் இதற்கு ஏற்றவை. தாத்தாவும் அதில்தான் ஓட்டியிருப்பார்.

மணல் மூட்டையை இறக்கிவிட்டு ஆளை ஏற்றும் நாள் வரும். சட்டத்தின் 129-வது பிரிவு, மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லப்படும் நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும் என்கிறது. பிரிவு 2(27)-ன்படி சைடு காரும் மோட்டார் சைக்கிளில் சேர்த்திதான். ஆகவே முதலில் ஏறி உட்காரப்போவது பாட்டி என்றால், அவருக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கிவிடுங்கள். கொண்டை இருக்கும், கொஞ்சம் பெரிய சைஸாகப் பார்த்து.